பெயரில் மட்டும் பழம்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

உறக்கமின்மை பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகள் சிலர் தூக்கம் வரவேண்டிக் கஞ்சாவை நாடுகிறார்கள் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். கட்டுரைக்கு வந்த கடிதங்களைவிட அந்த ஒரு வரிக்கு வந்தவையே அதிகம். மன்னார்குடி, ஆடுதுறை, திருவையாறு, நாகப்பட்டினம் என்று டெல்டாவின் எல்லாப் பக்கத்திலிருந்தும் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இம்முறை சர்க்கரை, மூட்டுவலிக் கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு, இவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை அவர்கள் கேட்காமலேயே நீக்கிவிட்டேன்.

கேள்வி: என் மகன் கனடாவில் டொராண்டோ நகரில் படிக்கிறான். வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டிருந்தபோது அவன் மேசையில் ஒரு சிறிய டப்பா தெரிந்தது. என்னவென்று கேட்டேன், ‘புளூபெர்ரி’ என்றான். ஜாம் என்று நினைத்துவிட்டேன். பிறகு அவனே, ‘அம்மா, இது கஞ்சாவில் ஒரு ஹைபிரிட் ரகம், இங்கே கடையில் ரசீது போட்டு விற்கிறார்கள், பழ வாசனை உள்ளது, ரொம்ப மிதமானது’ என்று சொல்லி அதன் படத்தையும் அனுப்பினான். இதில் பழம் கலந்திருக்கிறதா? மிதமானது என்பது உண்மையா? (ஒரு தாய், மன்னார்குடி)

பதில்: பழம் இல்லை, அம்மா. கஞ்சாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் பூங்கொத்தைக் காயவைத்து அடைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். முகர்ந்தால் புளூபெர்ரி என்னும் மேனாட்டுச் சிறுபழத்தின் வாசனை வருகிறது என்பதால் அந்தப் பெயர். நம் ஊர்ப் பழங்களில் அதற்கு அருகில் வருவது நாவல் பழம், துவர்ப்பைக் கழித்துவிட்டால். 1970களில் அமெரிக்காவில் டி.ஜே. ஷார்ட் என்பவர் தாய்லாந்து ரகங்களையும் ஆப்கானிஸ்தான் ரகத்தையும் கலந்து உருவாக்கியது இது. இதை ஹேஸ் என்னும் வேறொரு ரகத்தோடு பின்னர் கலந்ததில் புளூ டிரீம் என்று இன்னொன்று பிறந்து, கலிபோர்னியாவில் பெரும் பெயர் பெற்றது. இரவு குளிர்ந்தால் இந்த ரகத்தின் பூவிலும் இலையிலும் நீலமும் ஊதாவும் ஏறும். கத்தரிக்காய்த் தோலுக்கும் நாவல் பழத்துக்கும் நிறம் தருகிற ஆந்தோசயனின் குடும்பத்து நிறமிதான் அது. அதில் போதை கிடையாது.

மிதமானதா என்ற கேள்விக்கு விடை உங்கள் மகன் அனுப்பிய படத்திலேயே இருக்கிறது. அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டப்பாவின் மேல் பழத்தின் படம் எதுவும் இல்லை. பிள்ளைகளை ஈர்க்கும் படங்களைப் போடக் கனடா நாட்டுச் சட்டம் விடுவதில்லை. சிவப்பில் ஒரு எண்கோணச் சின்னம், அதற்குள் இலை, பக்கத்தில் மஞ்சள் கட்டத்துக்குள் உடல்நல எச்சரிக்கை. அந்தக் கட்டத்துக்கு மேலே, கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி.யின் அளவைச் சொல்லும் இரண்டு வரிகள் சிறிய எழுத்தில்: ‘டி.எச்.சி. கிராமுக்கு 6 மில்லிகிராம்’ என்று ஒன்று, ‘மொத்த டி.எச்.சி. கிராமுக்கு 210 மில்லிகிராம்’ என்று இன்னொன்று. முதல் வரியை மட்டும் படிப்பவர் ஏமாந்துபோவார். பச்சைப் பூவில் போதைப்பொருள் பெரும்பாலும் அமில வடிவில் அடங்கிக் கிடக்கும். அந்த வடிவம் மயக்கம் தராது. சூடு பட்டவுடன் அதிலிருந்து கரியமில வாயு கழன்றுபோய், மிச்சம் முழு டி.எச்.சி.யாக மாறுகிறது. ஆகவே நெருப்பு வைப்பவருக்குரிய எண் 6 அன்று, 210. நூற்றுக்கு 21 பங்கு.

அமெரிக்கக் காவல் துறை பறிமுதல் செய்த கஞ்சா மாதிரிகளை ஆண்டுதோறும் சோதித்துவரும் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் கணக்கில், 1995இல் சராசரி 4 சதவீதமாக இருந்தது 2014இல் 12 சதவீதமாகியிருந்தது. ஐரோப்பிய நகரங்கள் பலவற்றிலும் பிரேசிலிலும் மனநோயாளிகளிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வு, 10 சதவீதத்துக்கு மேற்பட்ட சரக்கையே ‘வீரியம் மிக்கது’ என்று வகுத்தது; அதை நாள்தோறும் புகைப்பவருக்கு மனச்சிதைவு போன்ற நோய் வரும் வாய்ப்பு, புகைக்காதவரைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு என்றும் கண்டது. உங்கள் மகனிடம் இருப்பது அந்த எல்லைக்கோட்டைப்போல் இரண்டு மடங்கு. மோரில் கலந்தாலும் சாராயம் சாராயந்தான்.

அவனிடம் பேசும்போது சட்டத்தைக் காட்டி மிரட்டிப் பயனில்லை. ஒன்டாரியோ மாகாணத்தில் 19 வயது முடிந்தவருக்கு அது சட்டப்படியே கிடைக்கிறது, அவன் சொன்னதில் பொய் இல்லை. வாரத்தில் எத்தனை நாள், அது இல்லாமல் தூக்கம் வருகிறதா, அந்த 210 என்ற எண்ணைக் கவனித்தானா என்று மட்டும் கேளுங்கள். ஒளிக்காமல் படம் அனுப்பிய பிள்ளை. இதற்கும் பதில் சொல்வான்.

கேள்வி: ஹைபிரிட் என்றால் வீரிய ஒட்டு என்று எங்களுக்குத் தெரியும். இண்டிகா என்பதும் நெல்லில் கேள்விப்பட்ட பெயர்தான். கஞ்சாவில் ‘இண்டிகா என்றால் தூக்கம், சட்டைவா என்றால் சுறுசுறுப்பு, ஹைபிரிட் என்றால் இரண்டும்’ என்று என் பேரன் அளக்கிறான். உண்மையா? (விவசாயி, ஆடுதுறை அருகில்)

பதில்: ஐயா, ஆடுதுறையிலிருந்து இந்தக் கேள்வி வந்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. நெல்லின் தாவரவியல் பெயர் ஒரைசா சட்டைவா. கஞ்சாவின் பெயர் கானபிஸ் சட்டைவா. இரண்டுக்கும் 1753இல் பெயர் வைத்தவர் ஒருவரே, லின்னேயஸ். சட்டைவா என்ற லத்தீன் சொல்லுக்கு ‘விதைத்து வளர்க்கப்படுவது’ என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை; சுறுசுறுப்புக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 1785இல் லமார்க் என்ற பிரெஞ்சுக்காரர் இந்தியாவிலிருந்து வந்த மாதிரிகளைப் பார்த்து, இது ஐரோப்பியச் சணலிலிருந்து வேறானது என்று கருதிக் கானபிஸ் இண்டிகா என்று பெயரிட்டார். இந்தியாவிலிருந்து வந்ததால் இண்டிகா. பேரன் சொல்லும் குட்டை, நெட்டை, தூக்கம், துள்ளல் எல்லாம் வெகுகாலம் கழித்து வியாபாரத்தில் ஒட்டிக்கொண்டவை.

கலப்பு என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1960களில் தஞ்சை மாவட்டத்தின் குறுவையையே மாற்றிப் போட்ட ஆடுதுறை 27, ஜப்பானிய நெல்லான நோரின் 10ஐ நம் ஜி.இ.பி. 24உடன் சேர்த்துப் பெற்றது. இரண்டு துணை இனங்களின் கலப்பு. ஆனால் அங்கே கலப்பு ஒரு தொடக்கம் மட்டும். அதன்பின் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி, குணம் நிலைத்த பிறகே ரகமாக வெளியே விட்டார்கள். நெல் தன் மகரந்தத்திலேயே கருவுறுவதால், விதை நெல்லை அடுத்த போகத்துக்கு வைத்தாலும் பெரும்பாலும் அதே நெல்தான் வரும். விதைப் பண்ணையில் வரப்பு வரப்பாக நடந்து கலவன் (ஊடே முளைத்த வேற்று ரகச் செடி) பிடுங்குகிறோம், சான்று விதை மூட்டையில் நீல அட்டை கட்டுகிறோம். நீல அட்டைக்குப் பின்னால் ஓர் ஆய்வாளரின் கண் இருக்கிறது.

கஞ்சாவில் ஆணும் பெண்ணும் தனித்தனி; மகரந்தம் காற்றில் போகும். ஒரே செடியின் விதைகளிலிருந்தும் ஒன்றுக்கொன்று மாறுபட்ட பிள்ளைகள் பிறக்கும். அதனால் ஒரு ரகத்தை மாறாமல் காக்க நினைப்பவர்கள் நாம் முருங்கைப் போத்து நடுவதுபோலக் கிளையைத்தான் வெட்டி வைத்தாக வேண்டும். அப்படித்தான் செய்தார்களா, எந்தக் கிளை எவர் கைக்குப் போனது என்பதற்கு அரை நூற்றாண்டாக எந்தப் பதிவேடும் இல்லை. எல்லாம் சட்டத்துக்கு மறைவாக நடந்தவை. இன்று எவர் வேண்டுமானாலும் தன் பூவுக்குப் புளூபெர்ரி என்று பெயர் சூட்டலாம். கனடாவில் 81 கஞ்சா மாதிரிகளின் மரபணுவைச் சோதித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், சட்டைவா, இண்டிகா என்று விற்பவர் சொன்ன விகிதத்துக்கும் மரபணு காட்டிய விகிதத்துக்கும் ஓரளவுதான் பொருத்தம் இருந்தது. ஒரே பெயர் கொண்ட இரண்டு மாதிரிகள், வேறு பெயர் கொண்டவற்றோடு அதிக உறவாக இருந்ததும் உண்டு. 2021இல் வந்த இன்னோர் ஆய்வு, இண்டிகா என்று பெயர் போடுவதற்கும் மண்வாசனை தரும் மிர்சீன் போன்ற சில வாசனைப் பொருள்களின் அளவுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. என்றால், மண்வாசனை தூக்கலாக இருந்தால் இண்டிகா என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

ஆகவே நீங்கள் அறிந்த வீரிய ஒட்டுக்கும் இந்த ஹைபிரிட்டுக்கும் சம்பந்தம் மிகக் குறைவு. கடையில் விற்கும் ஏறக்குறைய எல்லாக் கஞ்சாவுமே கலப்புதான். இடையில் ஒன்று சொல்ல ஆசை: 1893இல் ஆங்கில அரசு அமைத்த இந்திய கஞ்சா விசாரணைக் குழுவின் அறிக்கையில், வங்காளத்துக் கஞ்சா வயல்களில் ‘போத்தார்’ என்னும் கைதேர்ந்தவர்கள் கூலிக்கு வந்து, பூக்கும் முன்பே ஆண் செடியை அடையாளம் கண்டு பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனதை எழுதியிருக்கிறார்கள். விதை பிடிக்காத பெண் பூவில்தான் பிசின் மிகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் கலவன் பிடுங்கும் ஆட்களுக்கு அவர்கள் பங்காளிகள்.

கேள்வி: நான் வேதியியல் மாணவி. கஞ்சாப் பூவில் பழ வாசனை எங்கிருந்து வருகிறது? மாம்பழம் தின்றுவிட்டுப் புகைத்தால் போதை கூடும் என்று விடுதியில் பேசிக்கொள்கிறார்களே? (திருவையாறு)

பதில்: பல ஆண்டுகளுக்கு முன், மருந்தியல் துறையில் பாடம் நடத்தியபோது, அனுமதி பெற்று வைத்திருந்த பழைய மாதிரி ஒன்றை உருப்பெருக்கியில் வைத்து மாணவர்களுக்குக் காட்டுவேன். வெறும் கண்ணுக்கு உப்புத் தூவினாற்போலத் தெரிவது, கண்ணாடிக்கு அடியில் குண்டூசிக் காடாக விரியும்: ஒவ்வொரு காம்பின் நுனியிலும் பளிங்கு போன்ற ஒரு தலை, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. டி.எச்.சி. உருவாவதும் அந்தத் தலைக்குள்தான், வாசனை எண்ணெய் உருவாவதும் அதற்குள்தான். ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள் என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடா.

வாசனைக்குப் பெரும்பகுதி காரணம் டெர்பீன்கள். மாம்பழத்தில் உள்ள மிர்சீன், எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் உள்ள லிமோனீன், மிளகிலும் கிராம்பிலும் உள்ள கரியோபில்லீன், லாவண்டர்ப் பூவின் லினலூல் ஆகியவை வெவ்வேறு அளவில் சேர்கின்றன. காய்ந்த பூவின் எடையில் இவையெல்லாம் கூடி ஓரிரு சதவீதமே பெரும்பாலும் தேறும். இவற்றோடு மிக நுண்ணிய அளவில் கந்தகச் சேர்மங்களும் கலந்து, கொய்யா, அன்னாசி போன்ற வெப்ப நாட்டுப் பழ வாசனையைத் தருகின்றன என்று அண்மைய ஆய்வுகள் காட்டுகின்றன. நுகரும் மூக்குக்குப் பழம். ஆனால் சர்க்கரையும் இல்லை, சதையும் இல்லை.

மாம்பழக் கதைக்கு மனிதர்களிடம் சோதித்த சான்று எதுவும் இல்லை. வாசனைப் பொருள் டி.எச்.சி.யின் விளைவை மாற்றுமா என்று ஒழுங்காகச் சோதித்த ஆய்வுகள் மிகச் சில. அவற்றுள் ஒன்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 20 பேரிடம் நடந்து 2024இல் வெளிவந்தது. 30 மில்லிகிராம் டி.எச்.சி. ஆவியை மட்டும் இழுத்தபோது ஏற்பட்ட பதற்றம், அதோடு 15 மில்லிகிராம் லிமோனீனையும் சேர்த்து இழுத்தபோது குறைந்திருந்தது. நல்ல செய்திதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்: மன்னார்குடி அம்மா அனுப்பிய படத்தில் உள்ள பூவிலிருந்து 30 மில்லிகிராம் டி.எச்.சி. வேண்டுமானால் 143 மில்லிகிராம் பூ போதும்; அதில் 1 சதவீதம் லிமோனீன் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் ஒன்றரை மில்லிகிராம்கூடத் தேறாது. சோதனையில் தந்தது அதற்குப் பத்து மடங்கு. வாசனை காக்கும் என்று நம்பிப் பூவைப் புகைப்பவருக்கு அந்த ஆய்வு ஒரு துணையும் ஆகாது.

கேள்வி: புகைத்தால் எவ்வளவு நேரத்தில் ஏறும், எப்போது இறங்கும்? மிட்டாயாகத் தின்றால் ஆபத்து குறைவா? (கல்லூரி மாணவர், திருவாரூர்)

பதில்: புகையாக இழுத்தால் சில நிமிடங்களில் தொடங்கி, கால் மணி முதல் அரை மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் பெரும்பாலும் அடங்கும். பழ வாசனை ஹைபிரிட்டைப் புகைத்தவர்கள் சொல்வது ஏறக்குறைய ஒன்றேதான்: முதலில் மனம் லேசாகிச் சிரிப்பு வரும், உடல் தளரும், பசி எடுக்கும், ஐந்து நிமிடம் அரை மணி நேரமாக நீளும், பிறகு கண் சொக்கும். மற்ற ரகங்களைப் புகைத்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள் என்பதைக் கவனிக்கவும். கண் சிவப்பதும், வாய் உலர்வதும், நாடி வேகமாவதும், சொல்ல வந்தது பாதியில் மறந்துபோவதும் எந்த ரகத்துக்கும் பொது. காரணம், நம் மூளையே தனக்கென ஒரு கஞ்சாவைச் சுரந்துகொள்கிறது. 1992இல் இஸ்ரேலில் மெக்கூலம் என்பவரின் ஆய்வகத்தில் அதைக் கண்டபோது, ஆனந்தம் என்ற சொல்லை எடுத்து ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். நினைவு, அசைவு, நேர உணர்வு, பசி ஆகியவற்றை ஆளும் மூளைப் பகுதிகளில் அது சென்று பொருந்தும் பூட்டுகள் நிறைந்திருக்கின்றன. அது தேவைப்பட்ட இடத்தில் சிறிது சுரந்து உடனே கரைந்துபோகும், டி.எச்.சி.யோ எல்லாப் பூட்டிலும் ஒருசேரச் சாவியைப் போட்டுத் திருப்பிவிட்டு மணிக்கணக்கில் எடுக்காமல் நிற்கும்.

மிட்டாயில் ஆபத்து குறைவன்று, வேறுவிதம். வயிற்றின் வழியே போவது தொடங்க அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். கல்லீரலில் அது இன்னும் வீரியமான ஒரு வடிவமாக மாறி மூளைக்குப் போகும். ஆறு, எட்டு மணி நேரம் நிற்கும். ஒரு சித்திரை மாத இரவு, பதினொன்றரை மணி இருக்கும், ஓர் இளைஞனை அவன் சித்தப்பாவும் இரண்டு நண்பர்களும் வண்டியில் வைத்து என் கிளினிக்குக் கொண்டுவந்தார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ‘நான் செத்துக்கொண்டிருக்கிறேன் சார்’ என்றான். நாடி 130. சட்டை முழுதும் வியர்வை, உதடு ஒட்டிக்கொண்டு பேச வரவில்லை. இ.சி.ஜி. எடுத்ததில் வேகத்தைத் தவிர வேறு குறை இல்லை. நண்பர்களை வெளியே அழைத்துக் கேட்டபோதுதான் வெளிநாட்டு ஸ்ட்ராபெர்ரி மிட்டாய் என்று ஒன்றைத் தின்றதும், முக்கால் மணி நேரம் ஒன்றும் தெரியாததால் இன்னும் இரண்டு தின்றதும் வெளிவந்தது. விளக்கைக் குறைத்து, தண்ணீர் கொடுத்து, சித்தப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, விடியும்வரை காத்திருந்தோம். வேறு மருத்துவம் பெரிதாகத் தேவைப்படவில்லை. ஆனால் அந்த நாடி ஓட்டம் இதய நோயுள்ள ஐம்பது வயதுக்காரருக்கு வந்திருந்தால் நான் அவ்வளவு நிதானமாக உட்கார்ந்திருக்க மாட்டேன்.

கேள்வி: கோரக்கர் மூலி என்று சித்தர்களே போற்றிய மூலிகை இது. வடக்குப் பொய்கைநல்லூர் எங்கள் ஊருக்குப் பக்கம்தான். பௌர்ணமிதோறும் கோரக்கர் சமாதிக்குப் போகிறவன் நான். ஆங்கில மருத்துவர்கள் இதை விஷம்போல் பேசுவது முறையா? (நாகப்பட்டினம்)

பதில்: முறையன்று, நான் அப்படிப் பேசவும் இல்லை. சித்த மருத்துவம் இதை மருந்தாகக் கையாண்டது உண்மை. இன்றும் உரிமம் பெற்ற மருந்துகளில் இது சேர்கிறது. ஆனால் சித்த மருத்துவமே இதை நச்சுச் சரக்குகளுள் வைத்து, சுத்தி (நச்சு நீக்கம்) செய்யாமல் சேர்க்கக் கூடாது என்று சொல்கிறது. இந்திய மருந்துச் சட்ட விதிகளின் நச்சுப் பொருள் பட்டியலிலும் சித்த மருத்துவப் பிரிவில் இதன் பெயர் இருக்கிறது. சுத்தி செய்த சரக்கைப் பல மருந்துகளோடு சேர்த்துக் கிண்டிய லேகியத்தைச் சுண்டைக்காய் அளவு, நாள் கணக்கிட்டு, வைத்தியர் கண்பார்வையில் கொடுத்தார்கள். அதையும், 21 சதவீதப் பூவைத் தனி அறையில் ஒவ்வோர் இரவும் கொளுத்துவதையும் ஒரே பெயரால் அழைப்பது கோரக்கருக்கே அடுக்காது. மேலை மருத்துவமும் இதை முழுதாக ஒதுக்கிவிடவில்லை: புற்றுநோய் மருந்தால் வரும் வாந்தியை நிறுத்த, செயற்கை டி.எச்.சி. மாத்திரைக்கு அமெரிக்காவில் 1985இலேயே அனுமதி தந்தார்கள். குழந்தைகளுக்கு வரும் இரண்டு அரிய வலிப்பு நோய்களுக்கு, கஞ்சாவிலேயே உள்ள, போதை தராத சி.பி.டி. என்னும் பொருளை 2018இல் அனுமதித்தார்கள். எல்லா இடத்திலும் அளவு எழுதியிருக்கிறது.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து திரும்பிய என் தம்பிக்கு மாதம் ஒருமுறை இரண்டு மூன்று நாள் ஓயாத வாந்தி. சுடுதண்ணீரில் குளித்தால் மட்டும் நிற்கிறது. ஒரு நாளில் ஆறு ஏழு முறை குளிக்கிறான். எல்லாச் சோதனையும் செய்தாகிவிட்டது. உங்கள் கட்டுரையைப் படித்ததும் ஒரு சந்தேகம் வந்தது. (மயிலாடுதுறை)

பதில்: உங்கள் சந்தேகம் சரியாக இருக்கும் என்றே நினைக்கிறேன். வாந்தியை நிறுத்தும் அதே பொருள், ஆண்டுக்கணக்கில் அடிக்கடி புகைப்பவர்களில் சிலருக்கு வாந்தியை வரவழைக்கிறது. சுடுநீர்க் குளியலை நாடுவது இதன் கைரேகை போன்ற அடையாளம். 2004இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் இதைத் தனி நோயாக விவரித்து எழுதினார்கள். என்னிடம் வந்த ஒரு பையனுக்கு, அதற்கு முன் போன இடத்தில் எண்டாஸ்கோபி இரண்டு முறையும் ஸ்கேன் ஒரு முறையும் எடுத்து, கட்டணத்தையும் கட்டவைத்திருந்தார்கள். ஆனால் ‘கஞ்சா உண்டா?’ என்ற ஒற்றைக் கேள்வியை, அதுவும் பெற்றோரை வெளியே அனுப்பிவிட்டு, யாரும் கேட்டிருக்கவில்லை. அவனே தூக்கத்துக்காகவும் வாந்திக்காகவும் மேலும் புகைத்துக்கொண்டிருந்தான், பாவம்.

வாந்தி நிற்காமல் போனால் உடலில் நீரும் உப்பும் வற்றிச் சிறுநீரகம் பாதிக்கப்படும். ஆகவே அந்த நாள்களில் மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கலாம். மிளகாயின் காரச் சத்தான கேப்சைசின் களிம்பை வயிற்றில் தடவுவது சிலருக்குத் தணிக்கிறது. (வீட்டில் மிளகாய் அரைத்துப் பூசிவிடாதீர்கள், செய்து பார்த்த ஒரு குடும்பம் எனக்குத் தெரியும்.) மற்றபடி நிறுத்துவது ஒன்றே மருந்து. நிறுத்தினால் நாள்களிலோ வாரங்களிலோ தீரும், திரும்பத் தொட்டால் திரும்ப வரும். நிறுத்திய முதல் வாரம் எரிச்சல், பசியின்மை, தூக்கமின்மை, வந்த தூக்கத்திலும் கனவு என்று படுத்தும். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அந்த நாள்களில் அவன் சீறினால் நீங்கள் திருப்பிச் சீறாதிருப்பது நல்லது.

கேள்வி: பழ வாசனை தெளிவாக இருந்தால் கலப்படம் இல்லை என்று கொள்ளலாமா? (கும்பகோணம்)

பதில்: கொள்ள முடியாது. வாசனை எண்ணெயைத் தனியே வாங்கித் தெளிக்கலாம். ஆய்வகத்தில் செய்த செயற்கைப் போதைப்பொருளையும் அதே பூவின்மேல் தெளித்து விற்கிறார்கள்; அதற்கு வாசனையே இல்லை.

கேள்வி: பொங்கலுக்குக் கனடாவிலிருந்து ஊருக்கு வரும் என் அண்ணன், ரசீதோடு இரண்டு கிராம் கஞ்சா கொண்டுவந்தால் தவறாகுமா? பூ வேண்டாம், மிட்டாயாக? (பட்டுக்கோட்டை)

பதில்: வேண்டவே வேண்டாம். எடுத்துவருவது முதலில் கனடாச் சட்டப்படியே குற்றம். உள்ளூரில் 30 கிராம்வரை வைத்திருக்க விடுகிற அந்த நாடு, எல்லை தாண்ட ஒரு கிராமுக்கும் விடுவதில்லை. நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதற்குப் புளூபெர்ரியும் ஒன்றுதான், ஆந்திர மலைச் சரக்கும் ஒன்றுதான். 1 கிலோவுக்கு உட்பட்ட கஞ்சா ‘சிறிய அளவு’. அதற்கும் ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவைத் தாண்டினால் 10 முதல் 20 ஆண்டு. கலவையாக இருந்தால் போதைப்பொருளை மட்டும் பிரித்து நிறுக்காமல் மொத்த எடையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே மிட்டாயில் சர்க்கரைக்கும் சேர்த்தே நிறுப்பார்கள். தாய்லாந்திலிருந்து வரும் உயர் ரகக் கஞ்சாவைத் திருச்சி விமான நிலையத்தில் சுங்கத் துறையினர் எத்தனை முறை பிடித்திருக்கிறார்கள் என்பதைச் செய்தித்தாள் படிக்கும் எவரும் அறிவர். ரசீது அங்கே உதவாது. எங்கே வாங்கியது என்பதற்கு அதுவே சாட்சியாகும்.

கேள்வி: என் மகன் விட்டுவிட நினைக்கிறான். மருத்துவரிடம் போனால் போலீசுக்குச் சொல்லிவிடுவார்களோ என்று பயப்படுகிறான். (ஒரு தந்தை, வேதாரண்யம்)

பதில்: சொல்ல மாட்டார்கள், ஐயா. மனநலச் சிகிச்சைக்கு வருபவரின் விவரங்களை இரகசியமாகக் காக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் மருத்துவரைக் கட்டுப்படுத்துகிறது. போதைப்பொருள் சட்டத்தின் 64அ பிரிவும், பழக்கத்துக்கு அடிமையாகிச் சிறிய அளவோடு பிடிபட்ட ஒருவர், அரசு நடத்தும் அல்லது அரசு ஏற்ற நிலையத்தில் தாமாக முன்வந்து சிகிச்சையை முடித்தால், அவரை வழக்கிலிருந்து காக்கிறது. உங்கள் கடற்கரையில் இலங்கைக்குப் போகும் மூட்டைகள் பிடிபடும் செய்தியை அடிக்கடி கேட்பதால் அவனுக்குப் பயம் கூடுதலாக இருக்கும். அந்த வழக்குகள் வேறு, இது வேறு என்று விளக்குங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் காலையில் நேராகப் போகலாம். போகுமுன் பேசிப் பார்க்க விரும்பினால் 14446 என்ற இலவச எண் இருக்கிறது. கஞ்சாவை மறக்கடிக்கும் மாத்திரை என்று ஒன்று இதுவரை இல்லை. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் சில நாள் மருந்து, பிறகு வாரந்தோறும் பேச்சு, இவ்வளவுதான் சிகிச்சை. எந்த ரகம், எத்தனை சதவீதம், எவ்வளவு நாள் என்று மருத்துவர் கேட்பார். டப்பாவின் படம் கைப்பேசியில் இருந்தால் காட்டுங்கள். டப்பாவைக் கொண்டுபோக வேண்டாம்.